மேலில் வந்த படை

அன்பு மகளுக்கு,

நேற்றுக் காலை, பல் துலக்கியதற்கும் தேநீர் வந்ததற்கும் இடைப்பட்ட நேரத்தில், உன் கல்யாணத்தன்று மேற்சட்டையைக் கழற்றுவது என்று தீர்மானித்தேன். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கூட்டத்துக்கு நான் மட்டுமே வந்திருந்தேன். உடனே அம்மாவுக்கு முறைப்படி அறிவித்தேன். அவள் அரிசி புடைப்பதை நிறுத்தாமல், "வேட்டியையாவது விட்டுவைப்பியளோ?" என்று கேட்டாள். அரசாங்கக் கச்சேரியில் எழுத்து வேலை பார்க்கும் இலிகிதனாக இருந்த காலத்தில் இதைவிடச் சிறிய தீர்மானங்களுக்கு நான் வட்ட முத்திரை குத்தியிருக்கிறேன். சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருக்கும் இந்த மாதங்களில் வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்தவை என்று பத்திரிகைகள் எழுதும் காரியங்களையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவற்றுக்குச் சற்றும் குறையாத ஒன்று நம் வீட்டு முற்றத்தில் நடந்தேறியது என்பதை நீ உடுப்பிட்டிப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தபடி அறிந்துகொள்ள வேண்டும்.

இந்த உறையை நான் ஒட்டவில்லை. உனக்குத் தெரிந்ததையே உனக்கு விரிவாக எழுதப்போகிறேன், குறை நினைக்காதே. நீ வாசித்தபின் இது அதே ஊரிலுள்ள மாப்பிள்ளையின் வீட்டுக்குப் போகவேண்டும். அங்கே அவருடைய தகப்பனார் வாசிப்பார், தாயார் வாசிப்பார், தாயாரின் தமக்கைமார் கண்ணாடியைத் தேடி எடுத்து வாசிப்பார்கள். வழியில் வேறு யாராவது பிரித்துப் பார்க்க விரும்பினால் அவர்களுக்கும் ஒட்டைப் பிரிக்கும் சிரமம் வேண்டாம்.

பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்கும் தகப்பன் வேட்டியோடும், இடுப்பில் இறுக்கிய சால்வையோடும், வெறும் மேலோடும் நிற்கவேண்டும் என்பது நம் வழக்கம். நான் அப்படி நின்றால் என் மேலில் உள்ளதைச் சபை பார்க்கும். சபைக்கு அது என்னவென்று தெரியாது. தெரியாததற்குச் சபையிடம் எப்போதும் ஒரு பெயர் உண்டு. குட்டம் என்று சொல்வார்கள். குட்ட வியாதிக்காரன் மகளை உடுப்பிட்டிக்காரர் எடுத்தார்கள் என்று அடுத்த சந்தைநாளில் கதை நடக்கும். இதற்கு நீ சொல்லி அனுப்பிய வழி, சால்வையைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு நிற்பது. தாரை வார்க்க இரண்டு கையும் வேண்டும் மகளே. போர்த்திய சால்வை தண்ணீர் வார்க்கும் வேளை பார்த்துத்தான் வழுக்கும். அம்மா சொல்லும் வழி, உன் சின்னமாமா எனக்குப் பதிலாக நிற்பது. அவனுடைய மேல் மாசு மறு இல்லாதது. அதை அவனே ஒத்துக்கொள்கிறான். ஆனால் உனக்குத் தகப்பன் இருக்கிறான். இருக்கும்போதே அவனுக்குப் பதிலாளரை நியமிக்க நிர்வாக விதிகளில் இடமில்லை.

அது எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தோடு கொழும்பிலிருந்து நம்மையெல்லாம் கப்பலில் ஏற்றி அனுப்பினார்களே, அந்தக் கப்பலின் அடித்தளத்தில் நீ என் மடியில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டு வந்தாய். கடல் அசைந்தது, எண்ணெய் மணத்தது, நிறையச் சனம் ஒரே மூச்சாக மூச்சுவிட்டது. விழித்திருந்தேனா கனவு கண்டேனா என்று இன்றும் எனக்குத் தெரியாத அந்தப் பயணத்தில், என் இடுப்பில் நாணயம் அளவில் ஒரு சிவப்பு வட்டம் தினவெடுத்தது. யாழ்ப்பாணத்தில் தோலில் வட்டமாக எது வந்தாலும் அதற்குப் பெயர் படை. கப்பலில் வந்த படை என்பதால் அம்மா அதற்குக் கடற்படை என்று பெயர் வைத்தாள். நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரியார் உடம்புச் சூடு என்றார். ஆஸ்பத்திரியில் கரப்பன் என்று ஒரு களிம்பு தந்தார்கள். களிம்பு பூசினால் மங்கும், விட்டால் திரும்ப வரும். வருடத்துக்கு வருடம் பக்கத்தில் இன்னொன்று கிளம்பும்.

இதனால் நான் நாத்திகனானேன். கோயிலுக்குள் சட்டையோடு போகமுடியாது, சட்டையைக் கழற்ற எனக்கு மனமில்லை, ஆகவே வெளிவீதியில் நின்றேன். ஊர் அதற்குத் தத்துவக் காரணம் கண்டுபிடித்தது. நம் ஊர்த் திருநெல்வேலிச் சந்தையடியில் இருந்த இரண்டு பொதுவுடைமைக்காரர்கள் என்னைத் தேடிவந்து தங்கள் வாசகர் வட்டத்துக்குத் தலைவனாக்கினார்கள். கைநீளச் சட்டையின் பொத்தானை மணிக்கட்டுவரை பூட்டிக்கொண்டு, மதம் என்ற போர்வையைக் களைவது பற்றி நான் பல கூட்டங்களில் உரையாற்றியிருக்கிறேன். கைதட்டல் நன்றாகவே இருந்தது.

பறுவதமக்காவின் கதை உனக்கு நினைவிருக்கும். நினைவில்லாவிட்டாலும் உன் முழங்கால் தழும்பு அந்த நாளில் விழுந்ததுதான். இராணுவ ஒப்பரேசன் நடக்கப்போகிறது என்று எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்த காலம். அம்மா வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அடுத்த வீட்டுப் பறுவதமக்காவிடம் என் தோல் வருத்தத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பறுவதமக்கா உரலில் மா இடித்துக்கொண்டிருந்ததால் அம்மா குரலை உயர்த்தவேண்டியிருந்தது.

"என்னத்தைச் சொல்லுறது அக்கா, படை வந்திட்டுது!"

உரல் நின்றது. "எங்கை?"

"இடுப்பிலை கிடந்தது இப்ப முதுகுப் பக்கத்தாலை ஏறுது!"

"எவ்வளவு தூரம் வந்திட்டுது?"

"விடிஞ்சு பாக்கேக்கை நடுவுக்கு வந்திட்டுது அக்கா. நாளைக்குக் கழுத்தைப் பிடிச்சிடும்!"

பறுவதமக்காவின் வீட்டு முதுகுப் பக்கம், இராணுவ முகாமிலிருந்து வரும் பலாலி வீதி. அவர் உலக்கையைப் போட்டுவிட்டு, இடித்த மாவை மட்டும் தூக்கிக்கொண்டு, ஒழுங்கை முழுவதும் கேட்கும்படி ஒரு சத்தம் வைத்தார். சற்று நேரத்தில் ஒழுங்கையில் ஒரு குஞ்சு இல்லை. ஆடுகளை அவிழ்த்துவிட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் பிள்ளையார் கோயிலுக்கு ஓடினார்கள். என்ன நடக்கிறது என்று தெரியாமல் நாமும் ஓடினோம். நீ மதகில் விழுந்தாய். கோயில் மண்டபத்தில் நெடுநேரம் குந்தியிருந்தபின், வந்த படை என் முதுகில்தான் வந்தது என்று விசாரணையில் தெரியவந்தது. பறுவதமக்கா அம்மாவைப் பார்த்து, "உன்ரை மனிசனுக்குப் படர்தாமரை எண்டால் படர்தாமரை எண்டு சொல்லன் பிள்ளை!" என்று ஏசினார். அன்று நான் கோயிலுக்குள் சட்டையோடு இருந்தேன். அவசரத்தில் யாரும் கவனிக்கவில்லை.

பிறகு ஒரு நாள் அம்மா களிம்பு பூசும்போது என் முதுகு யாழ்ப்பாணக் குடாநாட்டின் படமாகிவிட்டது என்றாள். குப்புறப் படுத்திருந்தவனுக்கு அதைச் சரிபார்க்க வசதியில்லை. "இது தீவுப்பகுதி. இதிலை கடல்நீரேரி. ஆனையிறவு இன்னும் சேரேல்லை." அன்றிலிருந்து அவள் ஊர் ஊராகப் பூசினாள். "இண்டைக்குச் சாவகச்சேரிப் பக்கம் சுகம். கீரிமலை நல்லாச் சிவந்துபோச்சு." மயிலிட்டி வரும்போது அவளுடைய விரல் கொஞ்சம் தாமதிக்கும். அவள் பிறந்த ஊர். தொண்ணூறாம் ஆண்டு இராணுவம் பிடித்தபின் அங்கே யாரும் போகமுடியாது. அவளுக்கு அங்கே போவதற்கு என் முதுகைத் தவிர வேறு பாதை இருக்கவில்லை. அந்த விரலின் குளிர்ச்சியில் நான் கண்ணை மூடிக்கொண்டு, வெயில் காயும் வலைகளையும், படகுகளுக்கு நடுவே நீலமாக ஏறி இறங்கும் தண்ணீரையும் பார்த்துக்கொண்டு கிடப்பேன். நான் அந்த ஊருக்கு இரண்டொரு தடவைதான் போயிருக்கிறேன். ஆனால் தோலுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

மைதிலி டொக்டரை நீதான் கூட்டிக்கொண்டு வந்தாய். உன்னோடு கம்பசில் படித்த பிள்ளையின் தமக்கை, நோயியல் படிப்பித்தவர். ஏற்கெனவே இரண்டு தடவை என் தோலில் ஒரு துண்டு வெட்டிப் பார்த்து, இரண்டு தடவையும் சாதாரணக் கரப்பன் என்று எழுதியிருந்தார்கள். இந்த வருத்தம் தொடக்கத்தில் அப்படித்தான் வேடம் போடுமாம், கெட்டிக்காரரும் ஏமாறுவார்களாம். அவர் மூன்றாவது துண்டு வெட்டினார். மின்சாரம் இல்லாத காலமல்லவா, நுணுக்குக்காட்டியை விறாந்தைக்குத் தூக்கிவந்து, அதன் அடியில் இருந்த சின்னக் கண்ணாடியால் வெயிலைப் பிடித்து உள்ளே அனுப்பினார். முகில் வந்தபோது நாங்கள் மூவரும் காத்திருந்தோம். முகில் போனதும் என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். இளஞ்சிவப்பு மணலில் கத்தரிப்பூ நிறத்தில் புள்ளிகள். கரையோரமாக வரிசை பிடித்து நின்றன, கூட்டம் கூட்டமாக மேலே ஏறியும் இருந்தன. அழகாக இருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்யனாவேன்.

"உவை ஆர் பிள்ளை?" என்று கேட்டேன்.

"உங்கட ஆக்கள்தான் ஐயா. இரத்தத்திலை ஓடுற வெள்ளைக் கலங்களிலை ஒரு சாதி. காவலுக்கெண்டு தோலுக்கு வந்தவை."

"எப்ப திரும்பிப் போவினம்?"

"உதுதான் வருத்தம். போகேல்லை."

தோலில் இருக்கும் நிணக்கலப் புற்றுநோய் என்று அவர் பெயர் சொன்னார். பழைய மருத்துவப் புத்தகங்களில் அதற்குக் காளான் என்று அர்த்தம்படும் பெயர் இருக்கிறதாம். காளானுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது. முதலில் பார்த்தவருக்குக் காளான்போல் தெரிந்திருக்கிறது, பெயர் ஒட்டிக்கொண்டது. இந்த நாட்டில் பிறந்த எனக்கு அதில் வியப்பில்லை.

மைதிலி டொக்டர் சொன்னதை நான் விளங்கிக்கொண்ட அளவில் எழுதுகிறேன். தோலில் கிருமிகள் குடியிருக்கின்றன. எல்லோர் தோலிலும் உண்டு, சம்பந்தியம்மாவின் தோலிலும் உண்டு. அவற்றில் ஒன்று தட்டில் வளர்த்தால் பொன்னிறமாகத் திரளும். என் முதுகில் ஒற்றி எடுத்த பஞ்சிலிருந்து அதை வளர்த்துக் காட்டினார். நம் வீட்டில் மிஞ்சியிருந்த பொன் அதுதான். சொறிந்து சொறிந்து தோலில் வெடிப்பு விழுந்தால் அது உள்ளே நுழைகிறது. தோல் மணியடித்து ஆள் கேட்கிறது. காவல் கலங்கள் வருகின்றன. வந்தவை சும்மா இருப்பதில்லை, தாங்களும் இரசாயனச் சமிக்ஞை அனுப்பி இன்னும் ஆள் கேட்கின்றன. கிருமியின் நஞ்சு ஒரு விசேஷமான காரியம் செய்கிறது: தன்னை அடையாளம் தெரிந்த கலத்தை மட்டுமல்ல, வழியில் போகும் கலங்களையும் கொலரில் பிடித்து உலுக்கி எழுப்பிவிடுகிறது. மணி நிற்பதில்லை. வருடக்கணக்காகக் கூட்டம் பெருகும்போது அதில் ஒன்று, வேலை முடிந்தால் செத்துப்போ என்ற கட்டளையைக் கேளாமல் விட்டுவிடுகிறது. பிறகு அதன் பிள்ளைகள், பிள்ளைகளின் பிள்ளைகள். அவை தோலின் சொந்தக் காவலையும் மெல்ல மெல்லத் தளர்த்திவிடுகின்றன. காவல் தளர்ந்த இடத்தில் கிருமி இன்னும் செழிக்கிறது. கிருமி இவர்களுக்கு மணியடிக்கிறது, இவர்கள் கிருமிக்கு வாசலைத் திறந்துவைக்கிறார்கள். ஒருவரை ஒருவர் அழிக்க வந்தவர்கள் ஒருவரால் ஒருவர் பிழைக்கிறார்கள்.

"இது நிச்சயமோ?" என்று கேட்டேன்.

"சில பேர் அப்பிடி நினைக்கினம் ஐயா. இன்னும் நிரூபிக்கேல்லை. எனக்குச் சரியெண்டுதான் படுகுது. கிருமி கூடேக்கை உங்களுக்கும் கூடுது, குறையேக்கை குறையுது."

மேற்படி பந்தியில் நான் தோலைப் பற்றி மட்டுமே எழுதியிருக்கிறேன் என்பதையும், அதில் உவமை எதுவும் இல்லை என்பதையும் இக்கடிதத்தை இடையில் பிரித்துப் பார்க்கும் சகல தரப்பினருக்கும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

வைத்தியம் என்று அவர் சொன்னவை இரண்டு: கிருமியைக் குறைக்கக் குளிப்பு, படையைக் குறைக்க வெயில். குளிப்புக்குச் சவர்க்காரம் வேண்டும். அப்போது குடாநாட்டுக்குள் அது யுத்த தளபாடங்களோடு சேர்த்து அரசாங்கத்தால் தடைசெய்யப்பட்டிருந்தது. ஊரே பனம்பழம் போட்டு உடுப்புத் தோய்த்தது, கொடியில் காய்ந்த சேலைகளை மாடு சப்பியது. கிணற்றடியில் என் சவர்க்காரத் துண்டு கரைய மறுத்ததை நான் பல நாள் கவனித்தேன். குளித்துவிட்டு வரும்போது மெல்லியதாக இருப்பது அடுத்த நாள் கொஞ்சம் பருத்திருக்கும். நீ உன் பங்கை அதில் ஒட்டிவிட்டு அரப்பு தேய்த்துக் கம்பசுக்குப் போனாய். உன் தலையில் அரப்பு மணத்தது. உன் கல்யாண வாழ்க்கைக்கு நான் புத்தி சொல்லவேண்டிய இடத்தில் இதை எழுதுகிறேன், ஏனென்றால் இந்தப் பாடத்தில் உனக்குச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

வெயில் தடைசெய்யப்பட்டிருக்கவில்லை. காலையில் கோவணத்தோடு முற்றத்தில் பாய் போட்டுக் கிடந்தேன். குடாநாடு முழுவதும் வானத்துக்குப் பயந்து மரத்துக்கடியில் பதுங்கிய காலத்தில், எனக்கு மட்டும் வானம் மருந்தாக எழுதித் தரப்பட்டிருந்தது. மூடிய இமைக்குள் எல்லாம் செம்மஞ்சளாக இருக்கும். வேப்பம்பூ மேலில் விழும். தினவு மெல்ல மெல்ல விலகிப் போவது, தூரத்தில் யாரோ நடந்து போவதுபோல் கேட்கும். பொம்மர் விமானம் இரையும்போது பங்கர்க் குழிக்குள் இருந்து அம்மா கத்துவாள்.

"இஞ்சருங்கோ! உள்ளுக்கு வாருங்கோ!"

"மற்றப் பக்கம் இன்னும் காயேல்லையப்பா!"

"அவன் வந்து காயவைப்பான், கிடவுங்கோ!"

ஒரு தடவை ஹெலி மிகத் தாழப் பறந்து நம் முற்றத்துக்கு மேல் சற்று நின்றது. முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தேன். படத்தைப் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். சுடாமல் போனார்கள்.

புத்தி என்று ஒன்றும் சொல்லாமல் கடிதத்தை முடித்தால் ஊரில் தகப்பன் என்று எனக்கு மரியாதை இருக்காது, ஆகவே ஒன்று சொல்கிறேன். சண்டைக்கு ஆள் கூப்பிடாதே. நானும் அம்மாவும் பங்கரை மாமரத்தடியில் வெட்டுவதா கிணற்றடியில் வெட்டுவதா என்று சண்டை பிடித்தோம். சண்டை சின்னது, பின்னேரத்துக்குள் தானாக மாறியிருக்கும். அம்மா மயிலிட்டியிலிருந்து உன் சின்னமாமாவை வரவழைத்தாள். அவன் தனக்குத் துணையாக மாமியாரைக் கூட்டிவந்தான். நான் சும்மா இருக்கலாமா, கோண்டாவிலில் இருந்து என் ஒன்றுவிட்ட அண்ணையை அழைத்தேன். அவர் அம்மாவின் கிணற்றடிக் கட்சிக்கு மாறிவிட்டார். அந்தக் கிழமையே மயிலிட்டிப் பாதை மூடப்பட்டது. உன் சின்னமாமா பஞ்சாயத்துக்கு வந்தவனா, அகதியாக வந்தவனா என்பது இன்றுவரை தீராத கேள்வி. பங்கர் கிணற்றடியில் இருக்கிறது, வந்தவர்கள் எல்லோரும் அதற்குள் இருந்தார்கள், சண்டை எதற்காக என்று ஒருவருக்கும் நினைவில்லை. மாப்பிள்ளை நல்ல பிள்ளை. உனக்கும் அவருக்கும் தினவெடுத்தால் ஈரத்துணியைப் போட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுத்துப்பாருங்கள். எனக்கு எழுதவேண்டாம். எழுதினால் நான் வந்துவிடுவேன், வந்தால் போகமாட்டேன்.

இனிச் சம்பந்தி வந்த கதை. போன வெள்ளிக்கிழமை வெங்காயச் சாக்கு ஏற்றிவந்த லொறியில் வந்திறங்கினார். தேநீர்க் கோப்பையை நீட்டும்போது என் சட்டையின் கை மேலே ஏறிவிட்டது. அவர் வெங்காயத்தில் நோய் பார்த்துப் பழகிய கண்ணால் என் கையைப் பார்த்தார்.

"உது என்ன?"

நான் பொத்தானைக் கழற்றி முழுவதையும் காட்டினேன். அவர் எழுந்து ஒரு சுற்று நடந்து பார்த்தார்.

"தொத்துமோ?"

"தொத்தாது."

"குட்டமோ?"

"இல்லை. புற்றுநோய்."

"அப்பாடா" என்று உட்கார்ந்தார். பிறகு தான் சொன்னதைத் தானே கேட்டுத் திடுக்கிட்டு, "குறை நினையாதையுங்கோ" என்றார். "பரம்பரையாலை வாறதோ?"

"இல்லை. மெதுவா நடக்கிற சாமான். நான் பேரப்பிள்ளை கண்டிட்டுத்தான் போவன் எண்டு டொக்டர் சொல்லுறா."

"எனக்கு விளங்குது. நான் கமக்காரன். வேரிலை இல்லாத வருத்தம் நாத்துக்கு வராது." அவர் தேநீரைக் குடித்து முடித்தார், அதே கோப்பையில், என் கை பட்ட கோப்பையில். "எங்கட மனிசிக்கு நான் என்னெண்டு சொல்லுறது? அவவின்ரை தமக்கைமாருக்கு?"

"உள்ளதைச் சொல்லுங்கோ."

"உள்ளதைச் சொன்னால் நம்புவினமோ?" கோப்பையைக் கீழே வைத்தார். "நீங்கள் சட்டையோடை நிண்டால் என்ன?"

"தாரை வார்க்கிறதெண்டால் ஏலாதே."

"ஓம், ஏலாது." எழுந்து செருப்பைப் போட்டார். "வீட்டை கதைச்சுப்போட்டு ஆள் அனுப்புறன்."

ஆள் வரவில்லை. நாலைந்து நாள் படலைச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அம்மா அரிசிச் சுளகோடு எட்டிப்பார்த்தாள். நேற்றுக் காலை நான் தீர்மானித்தேன். உன் கையை நான்தான் பிடித்துக் கொடுப்பேன். அதற்காக அவர்கள் வேண்டாம் என்று சொன்னால் அந்தச் சொல்லும் எனக்கே வந்து சேரட்டும், உனக்கு வரவேண்டாம். இவ்வளவு காலமும் சட்டைக்குள் ஒளித்துவைத்தது ஒரு குற்றத்தையல்ல, கூப்பிட்டதும் ஓடிவந்து வீட்டுக்குப் போகத் தெரியாமல் நிற்கும் என் சொந்தக் காவல்காரரை. அவர்களைச் சபைக்குக் காட்டுவதில் எனக்குத் துக்கமில்லை. உன்னைப் பற்றித்தான் ஒரு துக்கம். பயம் என்று எழுதியிருக்கவேண்டும்.

கடிதத்தை மடிக்க எடுத்தபோது உடுப்பிட்டியிலிருந்து ஆள் வந்தது. கல்யாணத்துக்கு அவர்கள் சம்மதம். காலையில் இருந்த முகூர்த்தத்தை மட்டும் குருக்களோடு கதைத்து இரவு ஒன்பது மணிக்கு மாற்றியிருக்கிறார்கள். மின்சாரம் இல்லாத மண்டபத்துக்கு ஒரு பெற்றோல்மக்ஸ் விளக்கு போதுமாம். அதையும் மணவறைக்கு எட்ட, வாசலில் வைக்கட்டாம்.